லேப் சாவி யாரிடம் இருக்கிறது? அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. இன்னும் சில நாளில் உங்கள் அறையில் பிளஸ் ஒன் சேர்க்கைக்கு ஒரு மேசை போடுவீர்கள். இந்தப் பக்கம் நீங்களும் ஒரு மூத்த ஆசிரியரும். அந்தப் பக்கம் மதிப்பெண் பட்டியலைச் சுருட்டிப் பிடித்தபடி ஒரு அப்பா, அவர் முதுகுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் பிள்ளை. "எவ்வளவு மார்க்? கணக்குல எவ்வளவு? சரி, இந்தக் குரூப் எடுத்துக்கோ." ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்காரன். அரசுப் பள்ளி, தமிழ் வழி. 2008இல் பிளஸ் டூ முடித்தேன். பி.எஸ்சி., எம்.சி.ஏ. என்று போய், இப்போது ஓசூரில் குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன்.

எனக்கும் அந்த ஐந்து நிமிடம் நடந்தது. கணக்கில் 71. "பயாலஜி சீட்டு முடிஞ்சுபோச்சுங்க, கம்ப்யூட்டர்ல இடம் இருக்கு" என்றார் தலைமையாசிரியர். அப்பாவுக்கு ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிற அவசரம். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். இன்றைக்கு ஊரில் "சின்ன வயசிலிருந்தே லட்சியத்தோட படிச்சான்" என்று யாராவது என்னைப் பற்றிச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். என் லட்சியம், மிச்சம் கிடந்த ஒரு சீட்டு.

எனக்கு அது நல்லதாக முடிந்தது. ஆனால் அது அதிர்ஷ்டம். அந்த மேசைக்கு இருபுறமும் இருந்த யாரும் அந்த வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். டாக்டர் என்ன செய்வார் என்று பிள்ளைக்குத் தெரியும், ஊசி போட்டிருக்கிறார். வாத்தியார், போலீஸ், வி.ஏ.ஓ. எல்லோரையும் பார்த்திருக்கிறது. ஐ.டி. என்றால் கழுத்தில் ஒரு பட்டை, கையில் ஒரு கப் காபி, சினிமாவில் பார்த்தது. அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெங்களூரு நமக்கு அந்நிய ஊரே இல்லை. ஓசூரிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி 20 கிலோமீட்டர் சொச்சம். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் வழித்தட மெட்ரோ, அத்திப்பள்ளியைத் தாண்டினால் வருகிற பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. பென்னாகரத்திலும் அரூரிலும் ஊத்தங்கரையிலும் தெருவுக்கு நாலு வீட்டில் பெங்களூரில் வேலை செய்கிறவர் ஒருவர் இருப்பார். கொத்து வேலை, சென்ட்ரிங், பேக்கரி, லாரி. என் பெரியப்பா மகன் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்குச் சென்ட்ரிங் அடித்தவர். மொட்டை மாடி வரைக்கும் ஏறி இறங்கியவர். திறப்பு விழா முடிந்த பிறகு கேட்டுக்கு உள்ளே விடவில்லை. போன பொங்கலுக்குத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "ராத்திரி பூரா லைட்டு எரியுதே, உள்ள என்னதாண்டா பண்றீங்க?"

அவருக்கு நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். பிள்ளைகளிடம் சொல்ல உங்களுக்கு உதவும்.

பல நாடுகளில் கிளை வைத்திருக்கிற ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக எங்கள் குழு ஒரு இணையதளம் செய்துகொண்டிருந்தது. இந்தியாவிலும் தொடங்கப்போகிறார்கள். வாடிக்கையாளர் பெயரைப் பதிவு செய்கிற பக்கம் என் கைக்கு வந்தது. முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். எல்லாம் சரியாகத்தான் ஓடியது. சும்மா ஒரு பெயர் போட்டுப் பார்ப்போம் என்று என் அப்பா பெயரைப் போட்டேன். அப்பாவுக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. தாத்தா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அந்த ஒற்றை எழுத்தைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் தட்டியதும் சிவப்பு நிறத்தில் ஒரு வரி வந்தது: சரியான பெயரை உள்ளிடவும்.

குறைந்தது இரண்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்று யாரோ நிரலில் எழுதி வைத்திருக்கிறார்கள். குழுவில் எட்டுப் பேர். மற்ற ஏழு பேருக்கும் குடும்பப் பெயர் உண்டு, அதனால் யார் கண்ணிலும் படவில்லை. எழுதியவரிடம் போய்ச் சொன்னேன். "இது பிழையே இல்லை, கேட்டபடிதான் செய்திருக்கிறேன்" என்றார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு மேல் இந்தப் பக்கத்தைத் தாண்டி உள்ளே போகவே முடியாது என்று என் ஆதார் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். அதிலும் ஒற்றை எழுத்துதான். மறுநாள் அந்த வரியை மாற்றினார்கள்.

பெரியப்பா மகன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இது சென்ட்ரிங் பிரிக்கறதுக்கு முன்னாடி தட்டிப் பாக்கற மாதிரி" என்றார். 12 வருடத்தில் என் வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

உங்கள் வகுப்பில் "ஏன் சார்? அப்படிச் செஞ்சா என்ன சார் ஆகும்?" என்று ஓயாமல் நச்சரிக்கிற ஒரு பிள்ளை இருப்பான். வீட்டில் மிக்ஸியைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியிருப்பான். அவனுக்கு மார்க் குறைவாகக்கூட இருக்கலாம். இந்தத் துறையில் அவனுக்கு இடம் உண்டு என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். நிரல் எழுதுவது ஒரு வேலை. சோதிப்பது, தரவுத்தளம் பார்ப்பது, நெட்வொர்க் பார்ப்பது, திரை எப்படி இருக்க வேண்டும் என்று வரைவது, வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று பேசித் தெரிந்துகொள்வது எல்லாம் தனித்தனி வேலைகள்.

இனி மேசைக்கு வருகிறேன்.

கணிதம் இல்லாத அறிவியல் குரூப்பில் ஒரு பிள்ளையைப் போட்டால் பொறியியல் கலந்தாய்வுக் கதவு அன்றைக்கே சாத்திக்கொள்கிறது. கட்ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. இது உங்களுக்குத் தெரியும், எதிரே நிற்கிற அப்பாவுக்குத் தெரியாது. அதேபோல, கணக்கு வராத பிள்ளைக்கு எல்லாமே முடிந்தது என்றும் இல்லை. வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் எடுத்தவர்கள் பி.சி.ஏ., பி.காம். வழியாக வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பி.சி.ஏ.வுக்கு எந்தக் குரூப் வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதை முன்பே விசாரித்துச் சொல்லிவிட்டால் போதும். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் போகிறவன் டிப்ளமோ முடித்து நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதையும் அந்த மேசையிலேயே சொல்லலாம்.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமானது. என் மனதில் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பதும் அதுதான்.

கல்லூரியில் முதல் பருவம், இரண்டாவது வாரம். ஆசிரியர் வகுப்பைப் பார்த்து, "அர்ரே என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னை எழுப்பினார். எனக்குத் தெரியவில்லை. "பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே படித்தாய்?" என்றார். ஆமாம் என்றேன். வகுப்பு சிரித்தது. உட்கார்ந்தேன். அதற்கு அப்புறம் இரண்டு மாதம் கடைசி பெஞ்ச்தான். பிறகு ஒருநாள் விடுதியில் சீனியர் அண்ணன் ஒருவர் நோட்டில் படம் போட்டுக் காட்டியபோதுதான் உறைத்தது: அட, இது "அணி"! ஒரே இனத்தைச் சேர்ந்த தரவுகளை ஒரே பெயரில் வரிசையாக வைப்பது. அதற்கு ஐந்து மதிப்பெண் விடை எழுதி முழு மார்க் வாங்கியவன் நான். லூப் என்று அவர்கள் சொன்னது என்னுடைய "மடக்கு". கிளாஸ் என்றால் "இனக்குழு". பாலிமார்பிசம் என்று எல்லோரும் பயந்த பூதம் எனக்கு நன்றாகவே பழக்கப்பட்ட "பல்லுருவாக்கம்". எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், வேறு பெயரில் நின்றன.

தமிழ் வழியில் படித்ததற்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. மடக்கு என்ற சொல் லூப் என்பதைவிடச் சட்டென்று புரிகிறது என்று இன்றும் சொல்வேன். என் குறை அதுவல்ல. பாடநூலில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லும் பல இடங்களில் இருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறபோது அந்த அடைப்புக்குறியைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறோம். விடைத்தாளில் அதற்கு மார்க் இல்லையே! ஆகவே கணினி ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ்ப் பெயர், அந்தப் பக்கம் உலகம் கூப்பிடுகிற பெயர் என்று எழுதிப் போடுங்கள். வாய்விட்டு இரண்டையும் சொல்ல வையுங்கள். பத்து நிமிடம் ஆகும். எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும். கடைசி பெஞ்சிலேயே தங்கிவிட்டுப் படிப்பை விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு இன்னும் அதிகமாகவே மிச்சமாகியிருக்கும்.

அப்புறம் லேப்.

என் காலத்தில் ஸ்டார் ஆபீஸும் சி++உம் பாடம். எங்கள் பள்ளியில் ஆறு கம்ப்யூட்டர், இரண்டு ஓடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டருக்குத் துணி போர்த்தி, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார்கள். சாவி தலைமையாசிரியர் பீரோவில். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு வரை நான் கீபோர்டைத் தொட்ட மணி நேரங்களைக் கூட்டினால் ஒரு பகல்பொழுது தேறாது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. ஹைடெக் லேப் வந்திருக்கிறது. 2018, 2019இல் மாற்றிய பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான், தரவுத்தளத்துக்கான எஸ்.க்யூ.எல். வரை இருக்கிறது. பைத்தான் என் அலுவலகத்தில் நாள்தோறும் புழங்குகிற மொழி. அதை ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளை 17 வயதில் தமிழில் படிக்கிறது என்பது சாதாரண விஷயம் இல்லை. ஆனால் நான் போய்ப் பார்த்த சில பள்ளிகளில் லேபில் எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவேற்றம்தான் மும்முரமாக நடக்கிறது. பிள்ளைகள் பைத்தான் நிரலை நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நீச்சலை நோட்டில் எழுதிப் பழகி யாராவது ஒகேனக்கல்லில் குதிப்பார்களா? உங்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. எமிஸை நீங்கள் விரும்பிச் செய்யவில்லை என்பதும் தெரியும். வாரத்தில் இரண்டு நாள் மாலை நாலேகாலுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் லேபைத் திறந்து வையுங்கள். பாடம்கூட நடத்த வேண்டாம். தப்பாகத் தட்டி, பிழைச் செய்தி வந்து, ஏன் வந்தது என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். கடைசிப் பேருந்து போய்விடும் ஊர்களில் மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம்.

பணம் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்த அப்பா வாயைத் திறந்து கேட்காமல் நிற்பது அதைத்தான். ஒரு வருடம் ஒரு பெட்டித் தக்காளி ஆயிரம் ரூபாயைத் தொடும், அடுத்த வருடம் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியோடு விடுவோம். இந்த வருமானத்தை நம்பி நாலு வருடப் படிப்புக்கு யார் ஒப்புக்கொள்வார்? ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. பர்கூரிலும் தருமபுரி செட்டிக்கரையிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மாதம் ஆயிரம் ரூபாய் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதல், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதல் கிடைக்கிறது.

இவ்வளவு இருந்தும், மார்க் வந்த அன்றைக்கே வீட்டுக்குப் போன் வந்துவிடுகிறது. "தம்பிக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு இருக்குங்க, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டிருங்க." யாரோ ஏஜென்ட், கமிஷனுக்குப் பிள்ளை பிடிக்கிறார். அவருக்கு நம்பர் எங்கிருந்து கிடைக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. ஆனால் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் ஒருவர் கால் ஏக்கரை விற்று அப்படிச் சேர்த்தார். மகன் 7.5இல் சேரத் தகுதி உள்ளவன். விஷயம் தெரிந்தபோது இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

பொறியியல்தான் வேண்டும் என்றும் இல்லை. அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழி பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு தேவையில்லை, அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றைத் தாண்டினால் போதும், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2005இல் தொடங்கிய பள்ளியில் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துக் கற்பித்து, வேலையிலும் வைத்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் ஒரு சார்ட் பேப்பரில் எழுதி அட்மிஷன் மேசைக்கு மேலே ஒட்டினால்கூட நல்லதுதான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நான் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? எத்தனை பிளஸ் டூ மாணவிகள் வைகாசி முகூர்த்தத்தில் காணாமல் போகிறார்கள் என்பதை வருகைப் பதிவேட்டை வைத்திருக்கிற நீங்கள்தான் முதலில் அறிகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். காரிமங்கலம் பக்கத்துப் பெண் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் வீட்டில் படிப்பை நிறுத்தப் பார்த்தபோது, கணக்கு டீச்சர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டாராம். "நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் போக மாட்டேன்" என்று இரண்டு மணி நேரம். மூன்று டம்ளர் காபி குடித்தாராம், அதையும் கணக்காகச் சொல்வார் அந்தப் பெண். அந்த வீட்டில் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை: ராத்திரி வேலை உண்டா, யார் கொண்டுவந்து விடுவார்கள், எங்கே தங்குவாள்? இரவுப் பணிக்குக் கம்பெனி வண்டி வரும், எல்லா வேலையும் இரவு வேலை இல்லை, பெண்கள் விடுதிகள் இருக்கின்றன. இதை டீச்சர் சொன்னதைவிட, அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்ணே அம்மாவிடம் போனில் சொன்னால் சீக்கிரம் எடுபடும். அந்த மாதிரிப் பேச எங்கள் அலுவலகத்திலேயே நாலைந்து பேர் தயாராக இருக்கிறார்கள்.

சரி, ஏ.ஐ. வந்துவிட்டதே, இனிமேல் ஐ.டி.யில் வேலை இருக்குமா என்று என்னிடமே சில ஆசிரியர்கள் கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்களிடம் முன்பு கொடுத்த எளிய வேலைகள் குறைந்துவிட்டன. வரிசையாக உட்கார வைத்து நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்த காலம் போய்விட்டது. ஆள் குறைப்பும் நடக்கிறது, என் நண்பர்களிலேயே இரண்டு பேருக்கு நடந்தது. பெரிய சேவை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற அளவை விட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகப் பெரிதாக நகரவில்லை. பெங்களூரு வாடகை மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. "படிச்சு முடிச்சா லட்சம் லட்சமா சம்பளம்" என்று பிள்ளைகளிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதை நம்பி வந்து, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து முகம் வாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம், இயந்திரம் எழுதித் தருகிற நிரலில் தப்பு இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. முன்பைவிட அதிகமாகவே வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது தப்பையும் தயங்காமல் எழுதுகிறது. ஒற்றை எழுத்து இனிஷியலை அதுவும் சில நேரம் மறந்துவிடுகிறது. விடையை ஒப்பிக்கிற பிள்ளைக்கு இனி இங்கே கஷ்டம்தான். விடை சரியா என்று சந்தேகப்படுகிற பிள்ளை பிழைத்துக்கொள்வான். அப்படிப்பட்டவனை வகுப்பில் உட்காரச் சொல்லி அதட்டாமல் இருப்பது உங்கள் கையில்.

கடைசியாக எங்கள் பக்கத்து வேலை. இரண்டு மாவட்டங்களிலும் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஓசூரிலும் பெங்களூரிலும் இந்தத் துறையில் இருக்கிறவர்கள் பதினேழு பேர் சேர்ந்திருக்கிறோம். சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. நீங்கள் கூப்பிட்டால் வருகிறோம், பெங்களூரிலிருந்து முதல் பேருந்தில். சால்வை, மாலை, மேடை எதுவும் வேண்டாம், "சிறப்பு விருந்தினர்" என்று பேனர் அடித்துவிட்டால் வெட்கமாக இருக்கும். பிள்ளைகளோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் எதையாவது உடைத்துப் பார்ப்போம். முடிந்தால் ஒரு முறை பத்துப் பிள்ளைகளை நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள், அனுமதி வாங்கி எங்கள் அலுவலகத்துக்குள் அழைத்துப் போகிறேன். பெரியப்பா மகனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒன்றே ஒன்று. போன முறை ஒரு பள்ளிக்கு வந்தபோது, சாவி வைத்திருந்தவர் லீவு. 40 பிள்ளைகளோடு வராந்தாவில் சாக்பீஸால் தரையில் கீபோர்டு வரைந்து பாடம் நடத்திவிட்டுத் திரும்பினோம். லேப் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் குரூப்பில் இடம் இருந்ததால் சேர்ந்த ஒரு பழைய மாணவன்